முழு மாத்திரை

ஒரு மருந்து நல்லது செய்கிறதா என்பதை ஆறு மாதத்தில் சொல்லிவிடலாம். கெடுதல் செய்யாது என்று சொல்வதற்குத்தான் மனிதனுக்கு ஆயுசு போதாது. இன்றைக்குச் சாப்பிடும் மாத்திரை இருபது வருடம் கழித்து இதயத்தை என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால், இருபது வருடம் காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குள் மருந்தைக் கண்டுபிடித்தவர் ஓய்வு பெற்றிருப்பார், கம்பெனி கை மாறியிருக்கும், மருந்து கிடைக்காத நோயாளி போய்ச் சேர்ந்திருப்பார்.

இந்தத் தொல்லைக்காகத்தான் டாக்டர் உமையாள் நகலைக் கண்டுபிடித்தார். நோயாளியின் தோலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆய்வுக்கூடத்தில் இதயத் தசையாக வளர்ப்பார்கள். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். கண்ணாடித் தட்டில் கிடந்து துடிக்கும். அதற்கு வயது வேகமாக ஏறும்படி செய்திருந்தார் அவர். நமக்கு ஒரு வருடம் ஆவது அதற்கு ஒரு மாதத்தில் ஆகிவிடும். நோயாளி சாப்பிடும் மருந்தை அதே விகிதத்தில் அதற்கும் கொடுத்துவந்தால், அது நமக்கு முன்னால் போய் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். இந்த முறைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. நாங்கள் நகல் என்போம்.

நகல் சொல்லத்தான் செய்தது. ஆனால் யாருக்கும் பிடிக்காததைச் சொன்னது. பன்னிரண்டு வருட வயதை எட்டும்போது எல்லா நகல்களும் துடிப்பு தளர்ந்து நின்றுபோயின.

அப்போதே மருந்தை நிறுத்தியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தட்டில் கிடக்கும் கடலையை நம்பி, படுக்கையிலிருந்து எழுந்து நடக்கும் பிள்ளைகளை மறுபடி படுக்க வைப்பதா என்று கம்பெனி திருப்பிக் கேட்டது. நியாயமான கேள்விதான். வருடா வருடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டே போவோம் என்று முடிவாயிற்று. நகல்களின் கதையை மட்டும் குடும்பங்களிடம் சொல்லவில்லை. எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்றார்கள்.

பன்னிரண்டாவது வருடம் வந்தது. எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். பதின்மூன்று, பதினான்கும் வந்து போயின. ஒரு பெண்ணைத் தவிர யாருக்கும் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆகவே பொய் சொன்னது நகல்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. உமையாளின் ஆய்வுக்கூடத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். மருந்து அடுத்த மாதம் உலகச் சந்தைக்குப் போகிறது, தினம் ஒரு முழு மாத்திரை என்று. பாக்கி இருந்தது அந்த ஒரு பெண்ணின் கோப்புதான். அவளுக்கு வந்த இதயக் கோளாறுக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்து வாங்கிவர என்னைத் திருச்செங்கோட்டுக்கு அனுப்பினார்கள். ஆய்வு ஆரம்பித்த நாளிலிருந்து வீடு வீடாகப் போய்வரும் டாக்டர் நான்தான். என் பெயர் சந்தானம்.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. இடுப்பிலும் தொடையிலும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று கெட்ட மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் வரும். அந்த வட்டாரத்தில் சில சொந்தங்களுக்குள் மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டதில் அது சேர்ந்துவிட்டது. ஏழெட்டு வயதில் பிள்ளை படி ஏறத் திணறும். மருந்து இல்லையென்றால் இருபதைத் தாண்டுவது அபூர்வம்.

அந்தப் பெண்ணின் பெயர் மிருதுளா. இருபத்திரண்டு வயது, சட்டம் படிக்கிறாள். மருந்து ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து முதல்முறையாக அவள் மொட்டைமாடி வரைக்கும் தானே ஏறியபோது, அவள் அம்மா எனக்கு போன் செய்து எதுவும் பேசாமல் அழுதுகொண்டிருந்தார். இப்போது நாற்காலியில் முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

"வாங்க டாக்டர். என்னை முடிச்சு வைக்க வந்துட்டீங்களா?"

"உன் கோப்பைத்தான்மா."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்று சிரித்தாள். சிரிப்பதற்கே அவளுக்கு மூச்சு பற்றவில்லை.

அம்மா கிருத்திகா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் இறந்து பல வருடம். ஒரே பெண். எங்கள் ஆய்வில் டீச்சரைப் போல ஒழுங்கான ஆள் வேறு கிடையாது. காலை ஏழு மணிக்கு மாத்திரை என்றால் ஏழு மணிக்கு மாத்திரைதான். பெண் விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்லுவார். மற்ற குடும்பங்களுக்கு அவரை உதாரணமாகச் சொல்லி நான் நிறைய பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மருந்தால இல்லைன்னு நீங்க சொல்றீங்களா, கம்பெனி சொல்லுதுங்களா?" என்றார் டீச்சர்.

"மத்தவங்க அத்தனை பேரும் நல்லா இருக்காங்க டீச்சர். மருந்துதான் காரணம்னா அவங்கள்ல நாலு பேருக்காவது வந்திருக்கணும் இல்லையா?"

"அது சரிதானுங்க. ஆனா எங்க ரெண்டு பக்கமும் இதய நோய்னு யாருக்கும் வந்ததே இல்லை."

"சில சமயம் அப்படி வர்றதுதான்," என்றேன். பதில் தெரியாதபோது டாக்டர்கள் சொல்லும் வாசகம் அது.

மிருதுளா காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் கையெழுத்துப் போட்டா எல்லா ஊர்லயும் இதை விப்பாங்க. அப்ப படிச்சுட்டுத்தான் போடுவேன். சாயங்காலமா வாங்க."

மத்தியானம் முழுவதும் கையில் இருந்தது. இரண்டு தெரு தள்ளிப் பூங்கொடி வீடு, அதுவும் ஆய்வில் இருக்கும் குடும்பம்தான். அவர் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். இங்கே தொழிலை நடத்துவது பூங்கொடிதான். அவர் வண்டிக்காரர்களை போனில் ஏசுவது தெருமுனை வரை கேட்கும். ஊருக்கு வந்துவிட்டு அவர் வீட்டில் சாப்பிடாமல் போனால் அடுத்தமுறை தொலைந்தேன்.

பூங்கொடிக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் ஆதவன், சின்னவன் கவின். நோய் இருவருக்கும் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் என்பது ஆய்வின் விதி. கூடப் பிறந்தவர்களைச் சேர்த்தால் புள்ளிவிவரம் கெட்டுவிடும் என்று அதற்கென்று இருக்கும் ஆட்கள் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கவினுக்கு விழுந்தது. நான் போகும்போதெல்லாம் ஆதவன் ராசிபுரத்தில் மாமா வீட்டில் இருப்பதாகச் சொல்வார்கள். நான் துருவிக் கேட்டதில்லை. சீட்டு விழாத பையனைப் பார்த்து என்ன பேசுவது? நோயின் கணக்குப்படி அவன் இந்நேரம் படுத்த படுக்கையாக இருக்க வேண்டும்.

எப்போதும் இரண்டு நாள் முன்னதாக போன் செய்துவிட்டுத்தான் போவேன். ஒருத்தர் வீட்டுக்குச் சொல்லாமல் போய் நிற்பது மரியாதை இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்லாமல் போனேன்.

வாசலில் ரிக் வண்டி நின்றது. அதன் ஏணியிலிருந்து ஒரு இளைஞன் ஸ்பேனரும் கையுமாக இறங்கிக்கொண்டிருந்தான். கவின் என்று நினைத்தேன். தாடி இருந்தது. "வாங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் பாதி ஏணியில் அப்படியே நின்றுவிட்டான். பின்னாலேயே கவின் வீட்டுக்குள்ளிருந்து வந்தான்.

"ஆதவனா?" என்றேன்.

பூங்கொடி வெளியே வந்து என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "ஏனுங்க டாக்டர், ஒரு போன் பண்ணிப்போட்டு வரக்கூடாதுங்களா?"

"எப்ப இருந்தும்மா?"

"மொத நாள்ல இருந்துதானுங்க. உள்ள வாங்க, தெருவுல நின்னு கேக்க வேண்டாம்."

உள்ளே இலை போட்டார். குழம்பை ஊற்றிக்கொண்டே பேசினார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. கோபமாகத்தான் இருந்தார்.

"ரெண்டும் நான் பெத்ததுங்க. ஒருத்தன் வாயில மாத்திரையப் போட்டுட்டு, இன்னொருத்தன நீ பாத்துக்கிட்டு இருடா கண்ணுன்னு சொல்லோணுமாக்கும். நீங்களா இருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நடுவுல கோடு போட்டுத்தானே குடுத்தீங்க? பிட்டா சரி பாதியா வருது. பொறவு பிட்டுக்கறதுக்கு இல்லாம எதுக்குங்க அந்தக் கோடு?"

அந்தக் கோடு தொழிற்சாலையில் இருந்த பழைய அச்சில் இருந்தது. புது அச்சு எதற்கு என்று அதையே வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"ரத்தத்துல மருந்து அளவு சரியா இருந்துதேம்மா."

"நீங்கதான் ரெண்டு நாள் முந்தியே போன் பண்ணிருவீங்களே. அந்த ரெண்டு நாளும் சின்னவனுக்கு முழுசா குடுத்துப்போடுவேன். பெரியவன ராசிபுரம் பஸ் ஏத்தி உட்டுருவேன்."

ரத்தத்தில் அந்த மருந்து தங்குவதே இரண்டு நாள்தான். என் மரியாதையின் லட்சணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"வேற யாராவது இப்படி..."

பூங்கொடி சிரித்துவிட்டார். "குடுக்காத ஊடு ஒண்ணு சொல்லுங்க பாப்போம். அண்ணன் தம்பி இல்லாத ஊட்டுல மாமன் பையனுக்குக் குடுத்தாங்க, சித்தி புள்ளைக்குக் குடுத்தாங்க. நாங்க சொந்தத்துலயே பொண்ணு குடுத்து சொந்தத்துலயே எடுத்தவீங்க. சீக்கும் சொந்தத்துக்குள்ளதானே சுத்துது? அந்த டீச்சரம்மா ஒண்ணுதான் யாருக்கும் குடுக்கல. அது சட்டம் பேசும்."

 பாதியில் எழுந்தால் விடமாட்டார் என்பதால் இலையை முடித்தேன்.

"உங்கள நம்பித்தான் சொல்றேனுங்க," என்றார் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது. "வெளிய தெரிஞ்சா மருந்த நிறுத்திப்போடுவாங்கன்னு அன்னிக்கே எழுதி வாங்கியிருக்கீங்க."

காரில் உட்கார்ந்து உமையாளுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அப்ப என் நகல் பொய் சொல்லல," என்றார்.

குரலில் சந்தோஷம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் உடனே உறைத்திருக்க வேண்டும்.

"நகலுக்கு முழு டோஸ் குடுத்தோம் சந்தானம். அது செத்துது. ஆளுங்க பாதி டோஸ்ல நல்லா இருக்காங்க. முழு டோஸ் சாப்பிட்ட ஒரே ஆள்..." என்று நிறுத்திக்கொண்டார். "இன்னிக்கே அந்தப் பொண்ணுக்குப் பாதியாக்கச் சொல்லுங்க."

"பிழைச்சுக்குவாளா?"

"தெரியாது. பாதி வழியில குறைச்சா என்ன ஆகும்னு நாங்க நகல்லகூட பார்த்ததில்ல. புதுசா வளர்த்துப் பார்க்கணும்னா பல மாசம் ஆகும். அவ்வளவு நாள் அவகிட்ட இருக்கான்னு தெரியல."

"கம்பெனிகிட்ட என்ன சொல்றது?"

"முழு டோஸ் ஆபத்துன்னு சொன்னா மருந்தையே நிறுத்துவாங்க. பாதி டோஸ் பாதுகாப்புன்னு காட்ட நம்மகிட்ட ஒரு நாள் ஆய்வுகூட இல்ல. மறுபடி ஆரம்பிச்சா இன்னொரு பதினாலு வருஷம்."

"அந்தப் பதினாலு வருஷம் நடந்து முடிஞ்சாச்சே டாக்டர். அவங்க சமையல்கட்டுல."

"நாம சொன்னா எடுபடாது. அவங்களே ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா மருந்து பிழைக்கும். இல்லேன்னா போச்சு."

"ஒத்துக்கிட்டா மருந்து போயிரும்னுதான் அவங்க நினைக்கிறாங்க."

"பின்ன? நாமதானே அப்படிச் சொல்லிவச்சோம்," என்றார் உமையாள்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பேசாமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகவும் என்னால் முடிந்திருக்கும். போயிருந்தால், பங்கு கேட்க ஆளில்லாத ஏதோ ஓர் ஊரில், ஒற்றைப் பிள்ளைக்கு அதன் அம்மா தினம் ஒரு முழு மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பாள். அதனால் இருவரையும் உட்காரவைத்து நகலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் வீடு என்று பெயரை மட்டும் சொல்லவில்லை.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "நான் நீங்க சொன்னபடிதானே குடுத்தேன்?" என்றார்.

"ஆமாம் டீச்சர்."

"அளவு தப்பலையே?"

"தப்பலை."

"நாள் ஒண்ணு விட்டுப்போகலையே?"

"இல்லை டீச்சர்."

அவர் கேட்டுக்கொண்டே போனார். எதிலாவது தான் தவறியிருக்க வேண்டும் என்று தேடினார். ஒன்றும் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவே துக்கமாக இருந்தது.

"எங்க நாத்தனார் வந்தாங்க," என்றார் பிறகு. "அவங்க பையனுக்கும் இதேதானுங்க. சீட்டுல பேர் வரலை. பாதி குடு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு நீங்க உக்காந்திருக்கற அந்தச் சேர்ல உக்காந்து கேட்டாங்க. ஆய்வு கெட்டுடும், நாளைக்கு எத்தனையோ பிள்ளைகளுக்குப் போகப்போற மருந்துன்னு அவங்களுக்குப் பாடம் நடத்தி அனுப்பிச்சேன். அந்தப் பையன் போய் நாலு வருஷம் ஆச்சு. சாவுக்குப் போனேன், அவங்க என் முகத்தைப் பாக்கலை. சரி, நான் தப்புப் பண்ணலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

மகள் பக்கம் திரும்பினார். "பாதி குடுத்திருந்தா ரெண்டு பேரும் இருந்திருப்பாங்க."

"நான் இன்னும் இருக்கேன்மா," என்றாள் மிருதுளா. காகிதத்தை என்னிடம் நீட்டினாள். கையெழுத்து போட வேண்டிய இடத்தில், மருந்துதான் காரணம் என்று எழுதியிருந்தாள்.

"என்ன ஆகும்னு தெரியுமாம்மா? நாளைக்கே எல்லாருக்கும் நிறுத்திருவாங்க," என்றேன்.

"தெரியும். அப்பவாவது அவங்க வாயைத் திறக்கறாங்களான்னு பாப்போம்."

அவள் எழுதிய ஒரு வரிக்கு மருந்து நின்றது. கம்பெனி துள்ளிற்று. உமையாளின் புகாரின் பேரில் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் மூன்று பேர் கொண்ட குழுவை அனுப்பியது. அத்தனை குடும்பங்களும் உட்காரும் இடம் ஊரில் கல்யாண மண்டபம்தான். முந்தைய நாள் அங்கே நிச்சயதார்த்தம். மணமக்கள் பெயரைக்கூடச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. மேடையில், அலங்கார வளைவுக்குக் கீழே, மூன்று அதிகாரிகளும் சங்கடமாக உட்கார்ந்திருந்தார்கள்.

வீடுகளில் கையிருப்பு மாத்திரை தீர்ந்துகொண்டு வந்தது. எல்லோருக்கும் அது தெரியும். தலைவர் வயதான மனிதர், பொறுமையாகவே பேசினார். மாத்திரையைப் பகிர்ந்து கொடுத்தவர்கள் சொல்லலாம், யார்மேலும் நடவடிக்கை இல்லை, சொன்னால்தான் பாதி மாத்திரையாவது தொடரும் என்றார். இரண்டு முறை சொன்னார்.

ஒரு கைகூட உயரவில்லை. பூங்கொடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற அம்மாக்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்து ஆள் மைக்கில் கொடுக்கும் வாக்குறுதி என்ன பெறும் என்று அவர்களுக்குத் தெரியாதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்தால் பிழைக்கும் மருந்தை வாயை மூடிக்கொண்டே கொல்கிறார்களே என்று எழப்போனேன். உமையாள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

மிருதுளாவும் வந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பாதி மாத்திரைக்கு மாறியதிலிருந்து கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. மூச்சு அப்படியேதான் இருந்தது. கடைசி வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தாள், பக்கத்தில் டீச்சர்.

தலைவர் கோப்பை மூடினார். "அப்ப நாங்க மருந்தை நிறுத்தினது நிறுத்தினதுதான்," என்றார்.

அப்போது ஆதவன் எழுந்தான். பூங்கொடி அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்தார், கை எட்டவில்லை. நடுவழியில் நடந்து மேடைப் படிகளைப் பிடிமானம் இல்லாமல் ஏறி அதிகாரிகள் முன்னால் போய் நின்றான்.

"நீங்க யாருங்க?" என்றார் தலைவர்.

"ஆதவனுங்க. கவினோட அண்ணன்."

தலைவர் கோப்பைத் திறந்து தேடினார். "உங்க பேர் இதுல இல்லையே."

"இல்லைங்க. சீட்டு தம்பிக்குத்தான் விழுந்துது."

"நோய் உங்களுக்கும் இருக்கா?"

"இருக்குதுங்க."

தலைவர் படிகளைப் பார்த்தார். பிறகு அவன் கால்களைப் பார்த்தார். 

கீழே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒருவன், ஓரத்தில் அக்காளும் தங்கையுமாக இருவர். பதினான்கு வருடமாக அந்த வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறேன், இந்த முகங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அண்ணன்கள், தங்கைகள், மாமன் பிள்ளைகள். எல்லோரும் வளர்ந்தவர்கள். எல்லோரும் தங்கள் காலில் நின்றார்கள். எழுந்து நின்றவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாக்கள் உட்கார்ந்தே இருந்தார்கள், சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. பூங்கொடி அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

குழுவில் ஒருவர் நின்றவர்களை எண்ண ஆரம்பித்தார். பிழைத்தது மருந்து என்று உமையாள் என் காதில் சொன்னார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதிவுக்காக ஒரு கேள்வி பாக்கியிருந்தது, அதையும் கேட்டுவிட்டார்.

"ஆய்வுல சொன்னபடி தினமும் முழு மாத்திரையா குடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?"

கடைசி வரிசையில் கிருத்திகா டீச்சர் கையைத் தூக்கினார். தலைவர் அதை எழுதி முடிக்கும்வரை இறக்காமல் வைத்திருந்தார்.